எதை எண்ணுவது, எப்படி எண்ணுவது: ஆப்பிரிக்கத் தாய்-சேய் ஆய்வுகளில் புள்ளியியலாளரின் வேலை

கானாவின் நடுப்பகுதியில், தெற்கத்திக் காடும் வடக்கத்திப் புல்வெளியும் சந்திக்கும் இடத்தில் கின்டாம்போ என்ற ஊர் இருக்கிறது. 2000ஆம் ஆண்டுக் கடைசியிலிருந்து 2008 வரை, இந்த ஊரைச் சுற்றியுள்ள ஏழு மாவட்டங்களில் களப்பணியாளர்கள் நாலு வாரத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போனார்கள். 15 வயது முதல் 45 வயதுவரை உள்ள பெண்களுக்கு, வாரம் ஒன்று வீதம் விழுங்கச் சொல்லி கேப்சூல் கொடுத்தார்கள். கர்ப்பமா, பிரசவம் ஆகிவிட்டதா, குழந்தை நலமா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். போன முறை பார்த்த பெண் இந்த முறை உயிரோடு இல்லை என்றால் எப்போது, எப்படி இறந்தார் என்று வீட்டாரிடம் விசாரித்தார்கள். மொத்தம் 2,07,781 பெண்கள். பாதிப் பேருக்குப் போன கேப்சூலில் வைட்டமின் ஏ இருந்தது, மீதிப் பேருக்குப் போனதில் இல்லை. எது யாருக்கு என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது.

ஒபாபாவிட்டா என்று பெயர் வைத்து நடத்தப்பட்ட இந்த ஆய்வு இத்தனை பெரிதானதற்குக் காரணம் நேபாளத்தில் இருக்கிறது. அங்கே சர்லாஹி மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வு 1999இல் வெளியானது. வாரம் ஒருமுறை வைட்டமின் ஏ அல்லது உடலுக்குள் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் எடுத்துக்கொண்ட பெண்களிடம் கர்ப்பத்தை ஒட்டிய மரணங்கள் 44 சதவீதம் குறைந்ததாக அது சொன்னது. சில காசு விலையுள்ள ஒரு கேப்சூல் பிரசவ மரணத்தைக் கிட்டத்தட்டப் பாதியாக்கிவிடும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் எண்களை உற்றுப் பார்த்தால் கொஞ்சம் உறுத்தும். 20,000 சொச்சம் கர்ப்பங்கள் நடந்திருந்தும் மரணங்கள் போலி கேப்சூல் குழுவில் 51, வைட்டமின் ஏ குழுவில் 33, பீட்டா கரோட்டின் குழுவில் 26. அவ்வளவு பெரிய முடிவு மொத்தம் 110 மரணங்களின் மேல் நின்றது. பத்திருபது மரணம் இடம் மாறியிருந்தால் கதையே வேறு.

பிரசவ மரணம் என்பது கொடுமையான விஷயம், ஆனால் எண்ணிக்கையில் அரிதான விஷயம். தாய்-சேய் ஆராய்ச்சியில் இறங்கும் புள்ளியியலாளர் முதலில் மோதிக்கொள்வது இந்தச் சுவரில்தான். உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி 2023இல் சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 454 தாய்மார்கள் இறந்தார்கள். உலகில் அந்த ஆண்டு நிகழ்ந்த ஏறத்தாழ 2,60,000 தாய் மரணங்களில் பத்துக்கு ஏழு அங்கே. இருந்தாலும் ஒரு மாவட்ட மருத்துவமனையில் நின்று பார்த்தால் ஆயிரம் பிரசவத்துக்கு நாலோ ஐந்தோதான். ஒரு மருந்து இந்த விகிதத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஓரளவு நிச்சயமாகக் காட்ட, வழக்கமான சூத்திரத்தில் போட்டால், ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 77,000 பெண்கள் வேண்டும், அதாவது இரு பக்கமும் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்கு மேல். குறைவது பத்து சதவீதம்தான் என்றால் எண்ணிக்கை இரண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்குக்கும் மேல் போகும். ஆறரை லட்சம்! இந்தக் கணக்கை ஒரு கூட்டத்தில் சொல்லும் புள்ளியியலாளரை யாரும் பிரியமாகப் பார்க்க மாட்டார்கள். பணம் தரும் அமைப்பு முகம் சுளிக்கும், மருத்துவர்கள் ‘கொஞ்சம் குறைக்க முடியாதா’ என்பார்கள். குறைத்தால் நேபாள ஆய்வு நின்ற இடத்தில் போய் நிற்க வேண்டியதுதான்.

இதற்கு மேல் இன்னொரு சுமையும் உண்டு. கின்டாம்போவில் யாருக்கு எந்தக் கேப்சூல் என்று ஆளுக்கு ஆள் சீட்டுக் குலுக்கிப் போடவில்லை. ஒரே முற்றத்தில் நாலு பெண்கள் இருந்தால் கேப்சூல்கள் கலந்துவிடும் இல்லையா? அதனால் ஊர்களைச் சின்னச் சின்னப் பகுதிகளாக, மொத்தம் 1,086 கொத்துகளாகப் பிரித்து, கொத்துக்குக் கொத்து குலுக்கினார்கள். ஒரு கொத்தில் சராசரியாக 190 பெண்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். அது சரிதான், ஆனால் அதே காரணத்தால் ஒரே பானையிலிருந்து 190 பருக்கை எடுத்துப் பார்ப்பவருக்கு மற்றப் பானைகளைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரிந்துவிடாது. ஒரே பகுதிப் பெண்கள் ஒரே சாலையில் ஒரே மருத்துவமனைக்குப் போகிறார்கள், ஒரே மழைக்காலத்தில் ஒரே ஆற்றில் தடைப்படுகிறார்கள். இந்த ஒற்றுமை நூற்றில் ஒரு பங்கு அளவுக்குச் சின்னதாக இருந்தாலே போதும், கொத்துக்கு 200 பேர் உள்ள ஆய்வுக்கு ஆள் தேவை மூன்று மடங்காகிவிடும். இதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால், இல்லாத பலனை இருப்பதாகக் காட்டும் அபாயம் பெரிது. அதனால்தான் அங்கே குறைந்த எண்ணிக்கையில் பெரிய கொத்துகள் வைக்காமல், ஏராளமான சிறிய கொத்துகள் வைத்தார்கள்.

முடிவு 2010இல் வந்தது. வைட்டமின் ஏ பக்கம் 39,601 கர்ப்பங்களில் 138 மரணம், மறுபக்கம் 39,234 கர்ப்பங்களில் 148 மரணம். பலன் இல்லை. எட்டு வருட உழைப்பு வீண் என்று ஒருவர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஆபத்து விகிதத்தின் (1 என்றால் இரு பக்கமும் சமம், 0.73 என்றால் கேப்சூல் பக்கம் 27 சதவீதம் குறைவு) நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மை எண் பெரும்பாலும் இருக்கக்கூடிய எல்லை, 0.73 முதல் 1.17 வரை இருந்தது. மரணத்தை 44 சதவீதம் குறைக்கும் கேப்சூல் கானாவில் சாத்தியமே இல்லை என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியும். சின்ன ஆய்வாக இருந்திருந்தால் ‘தெரியவில்லை’ என்றுதான் சொல்லியிருக்க முடியும், நாடு நாடாகக் கேப்சூல் திட்டங்கள் கிளம்பியிருக்கும். வங்கதேசத்தில் நடந்த பெரிய ஆய்வும் பலனைக் காட்டவில்லை. தாய் மரணத்தைக் குறைக்கவென்று கர்ப்பிணிகளுக்கு வைட்டமின் ஏ தர வேண்டாம் என்று உலக சுகாதார அமைப்பு 2011இல் சொல்லிவிட்டது. ஏழை நாட்டுச் சுகாதாரத் துறைக்கு, எதற்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்று தெரிவதும் லாபம்தான்.

இந்த ஆய்வை முன்னின்று நடத்தியவர் லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் டிராபிகல் மெடிசினின் பெட்டி கர்க்வுட். கின்டாம்போ ஆராய்ச்சி மையத்தின் இயக்குநராக இருந்த சேத் ஒவுசு-அஜெயும் உடன் இருந்தார். கர்க்வுட் புள்ளியியலில் தொடங்கியவர், மருத்துவப் புள்ளியியலுக்குப் பரவலாகப் படிக்கப்படும் பாடநூல் எழுதியவர். உயிர்ப்புள்ளியியலாளர் என்றால் ஆய்வு முடிந்த பிறகு கணினி முன் உட்கார்ந்து பி-மதிப்பு (மருந்துக்குப் பலனே இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படி ஒரு முடிவு வர எவ்வளவு வாய்ப்பு என்ற எண்) கணக்கிட்டுத் தருபவர் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கர்க்வுட்டின் வாழ்க்கை அதற்கு நேர் எதிர். கானாவின் வடக்கே நவ்ரோங்கோவில் குழந்தைகளுக்கான வைட்டமின் ஏ ஆய்வில் பங்கேற்றார், அப்புறம் கின்டாம்போ, பிறகு அதே கட்டமைப்பை வைத்துப் பச்சிளங்குழந்தைகள் பற்றிய ஆய்வுகள். ஒருமுறை வீடுவீடாகப் போகும் ஏற்பாட்டை உருவாக்கிவிட்டால் அதில் பத்து கேள்விகளுக்குப் பதில் தேடலாம்.

அப்படித் தேடியதில் ஒன்று தாய்ப்பால் பற்றியது. 2003-04இல் அந்தப் பகுதியில் பிறந்த 10,947 குழந்தைகளின் விவரத்தை எடுத்து, எத்தனை மணி நேரத்தில் முதல் பால் கொடுத்தார்கள், அதற்குப் பின் எத்தனை குழந்தைகள் ஒரு மாதத்துக்குள் இறந்தன என்று பார்த்தார்கள். ஒரு நாளுக்கு மேல் தாமதமான குழந்தைகளுக்கு இறப்பு அபாயம் 2.4 மடங்கு. கேட்டவுடன் ‘ஆமாம், சீம்பாலின் மகிமை’ என்று தலையாட்டத் தோன்றும். ஆனால் புள்ளியியலாளர் வேறொன்றைக் கேட்பார். பால் தாமதமானதால் குழந்தை இறந்ததா, அல்லது இறக்கும் நிலையில் பிறந்த குழந்தையால் பால் உறிஞ்ச முடியாமல் போனதா? இரண்டுமே தாளில் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் முதல் நாளிலேயே இறந்தவற்றை விட்டுவிட்டு இரண்டாம் நாள்வரை உயிரோடு இருந்து பால் குடித்த குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், பிறக்கும்போதே சுகமில்லாமல் இருந்தவற்றைத் தனியே நீக்கியும் பார்த்தார்கள். தொடர்பு அப்போதும் கலையவில்லை. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுத்தால் பச்சிளங்குழந்தை மரணங்களில் 22 சதவீதத்தைத் தவிர்க்கலாம் என்ற கணக்கு இங்கிருந்துதான் வந்தது. பிறந்தவுடன் குழந்தையை மார்பில் போடு என்று இன்று உலகெங்கும் செவிலிகள் சொல்வதற்குப் பின்னால் இந்த எண்ணும் இருக்கிறது.

அதே ஊரில் தன்னார்வலர்கள் கர்ப்பிணிகள் வீட்டுக்குப் போய் ஆலோசனை சொல்லும் நியூஹின்ட்ஸ் ஆய்வு 98 வட்டாரங்களில் நடந்தது. அதில் பச்சிளங்குழந்தை மரணம் 8 சதவீதம் குறைந்தது, ஆனால் நம்பிக்கை இடைவெளி 0.75 முதல் 1.12 வரை பரந்து கிடந்தது. தனியாகப் பார்த்தால் உறுதியாக எதுவும் சொல்ல முடியாத முடிவு. இதே மாதிரி நடைமுறைச் சூழலில் நடந்த பிற ஆய்வுகளோடு சேர்த்துப் பார்த்தபோது 12 சதவீதக் குறைவு என்று தெளிவாயிற்று. ஒரு ஆய்வைத் தோல்வி என்றோ வெற்றி என்றோ முத்திரை குத்த அவசரப்படாமல் இருப்பதும் இந்தத் தொழிலில் ஒரு பயிற்சி.

சரி, எத்தனை பேர் என்பது ஒரு பக்கம். எதை எண்ணுவது என்பது இன்னும் சிக்கலானது. இதற்கு என் கைவசம் இருப்பதிலேயே நல்ல உதாரணம் வுமன் ஆய்வு. பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்குக்கு டிரானெக்சாமிக் ஆசிட் ஊசி பயன்படுமா என்று பார்க்க, 21 நாடுகளின் 193 மருத்துவமனைகளில் 20,060 பெண்களைச் சேர்த்தார்கள். நைஜீரியாவிலிருந்து ஏராளமானவர்கள். மரணம் மட்டும் என்றால் எண்ணிக்கை போதாது என்பதால், ‘மரணம் அல்லது கர்ப்பப்பை அகற்றல்’ என்று இரண்டையும் சேர்த்து முதன்மை அளவுகோலாக வைத்தார்கள். இப்படிச் சேர்ப்பது வழக்கமான உபாயம். 15,000 பேர் போதும் என்று கணக்கு.

ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போது ஒன்று தெரிய வந்தது. பல இடங்களில், பெண்ணை ஆய்வில் சேர்க்கும் நேரத்திலேயே கர்ப்பப்பையை எடுத்துவிடுவது என்று மருத்துவர் முடிவு செய்திருந்தார். உதிரம் கொட்டிக்கொண்டிருக்கிறது, ஏற்றுவதற்கு ரத்தம் இல்லை, அறுவை அறை தயாராகிறது, அந்த நேரத்தில் ஊசியும் போடப்படுகிறது. ஊசி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஏற்கெனவே எடுத்த முடிவை மாற்றாது. ஆக அளவுகோலின் ஒரு பாதி மருந்துக்குச் சம்பந்தமே இல்லாத இரைச்சல். எந்தப் பக்கத்தில் என்ன முடிவு வந்திருக்கிறது என்று பார்க்காமலேயே, மரணத்தை மட்டும் தனியாக எடை போடும் அளவுக்கு ஆய்வை 20,000 பேராகப் பெருக்கினார்கள். 2017இல் முடிவு வந்தபோது முதன்மை அளவுகோலில் வித்தியாசம் இல்லை: 5.3 சதவீதம், 5.5 சதவீதம். உதிரப்போக்கால் இறந்தவர்கள் என்று பார்த்தால் மருந்துப் பக்கம் 155, போலி ஊசிப் பக்கம் 191. பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள் ஊசி போட்டவர்களில் 89, 127. அந்த ஆண்டே உலக சுகாதார அமைப்பு மூன்று மணி நேரத்துக்குள் ஊசி போடப் பரிந்துரைத்தது. முதன்மை அளவுகோல் தோற்ற பிறகு வேறொன்றைத் தூக்கிப் பிடிப்பதா என்று முணுமுணுப்பவர்களும் உண்டு, அந்த முணுமுணுப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் முடிவின் உறை பிரியும் முன்பே காரணத்தோடு ஆய்வைப் பெருக்கியிருந்ததால்தான் அந்தப் பரிந்துரைக்கு மரியாதை இருக்கிறது என்பது என் கட்சி. பிரித்த பிறகு அதே காரணத்தைச் சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

அளவுகோல் சரியாக இருந்தும் அளக்கும் பொருளே நழுவும் இடங்கள் உண்டு. குறைமாதப் பிரசவம் நெருங்கும்போது தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் முதிரும் என்பது பணக்கார நாடுகளில் நிறுவப்பட்ட உண்மை. அதைக் கிராமங்களுக்குக் கொண்டுபோக நினைத்தது ஆக்ட் ஆய்வு. கென்யா, ஜாம்பியா உட்பட ஆறு நாடுகளில், ஒரு லட்சம் பிறப்புகளைத் தொடும் அளவு. ஆனால் குறைமாதம் என்று எப்படித் தெரியும்? ஸ்கேன் கிடையாது, கடைசி மாதவிலக்குத் தேதி பலருக்கு நினைவில் இல்லை. அதனால் பிறந்த எடையில் கீழ்மட்ட 5 சதவீதத்தில் இருக்கும் குழந்தைகளைக் குறைமாதக் குழந்தைகளுக்குப் பதிலியாக வைத்துக்கொண்டார்கள். 2015இல் வந்த முடிவு எல்லோரையும் அதிர வைத்தது. அந்தச் சின்னக் குழந்தைகளுக்குப் பலன் தெரியவில்லை. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் பச்சிளங்குழந்தை மரணம் 12 சதவீதம் கூடியிருந்தது, தாய்மாருக்குத் தொற்றும் கூடியிருந்தது. ஊசி போட்டுக்கொண்ட பெண்களில் பெரும்பாலானோர் குறைமாதத்தில் பெறவே இல்லை, தேவையில்லாதவர்களுக்கே மருந்து போயிருந்தது.

அப்புறம் உலக சுகாதார அமைப்பு கென்யா, நைஜீரியா, இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசத்தில் நடத்திய ஆக்‌ஷன் ஆய்வு அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டது. ஸ்கேன் பார்த்து மாதத்தை உறுதி செய், 26 முதல் 33 வாரம் வரை உள்ளவர்களை மட்டும் எடு, குழந்தைக்கு மூச்சுத் திணறினால் பார்த்துக்கொள்ளும் வசதியுள்ள மருத்துவமனையில் மட்டும் செய். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு போட்ட பக்கம் 19.6 சதவீதக் குழந்தைகள் இறந்தன, போடாத பக்கம் 23.5 சதவீதம். ஏறக்குறைய 25 பெண்களுக்குப் போட்டால் ஒரு குழந்தை பிழைக்கும். அதே வகை மருந்துதான், ஓரிடத்தில் கொன்றது, இன்னோரிடத்தில் காத்தது. யாருக்கு எந்த வாரம் என்று தெரிந்திருந்ததும், பிறந்த பிறகு பார்த்துக்கொள்ள ஆள் இருந்ததும்தான் இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம்.

இந்த ஆய்வு திட்டமிட்டதில் பாதிகூட முடியும் முன்பே நிறுத்தப்பட்டது. பலன் தெளிவாகத் தெரிந்துவிட்டதால் இனியும் பாதிப் பெண்களுக்கு மருந்து தராமல் இருப்பது நியாயமில்லை என்று கண்காணிப்புக் குழு சொன்னது. இந்தக் குழுவின் பின்னால் இருக்கும் புள்ளியியலாளரின் நிலை விசித்திரமானது. ஆய்வை நடத்தும் மருத்துவர்களுக்குத் தெரியாது, பணம் கொடுப்பவர்களுக்குத் தெரியாது. எந்தப் பக்கம் எத்தனை பேர் இறந்திருக்கிறார்கள் என்று அவருக்கும் குழுவில் உள்ள நாலைந்து பேருக்கும் மட்டும் தெரியும். வெளியே வந்து எல்லோரோடும் டீ குடிக்கும்போது முகத்தில்கூடக் காட்டக் கூடாது. சீக்கிரம் நிறுத்தினால் தற்செயலான ஓர் ஏற்றத்தைப் பலன் என்று நம்பிவிடலாம், அப்படி நிறுத்திய ஆய்வுகள் பலனைக் கொஞ்சம் மிகைப்படுத்தியே காட்டும். தாமதித்தால் தடுத்திருக்கக்கூடிய மரணங்கள் நடந்துகொண்டே இருக்கும். அதனால் இடையில் எத்தனை முறை எட்டிப் பார்ப்பது, எவ்வளவு வலுவான ஆதாரம் வந்தால் நிறுத்துவது என்று முதல் பெண் சேரும் முன்பே எழுதி வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு தடவை எட்டிப் பார்ப்பதும் தவறான முடிவுக்கு இன்னொரு வாய்ப்பு என்பதால், நடுவில் நிறுத்துவதற்கான வரம்பு மிக உயரத்தில் இருக்கும். எடை குறைந்த குழந்தைகளைப் பிறந்தவுடன் தாயின் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு முறை ஆய்வும் இப்படித்தான் நின்றது. கானாவின் குமாசி, மலாவியின் பிளான்டயர், நைஜீரியாவின் இலே-இஃபே, தான்சானியாவின் தாருஸ்ஸலாம், இந்தியாவின் டெல்லி ஆகிய இடங்களில் 3,211 குழந்தைகள். மரணம் 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்திருந்தது.

அளப்பது பற்றிச் சொன்னேன் அல்லவா, அதில் நான் ரசித்த வடிவமைப்பு இ-மோட்டிவ் ஆய்வுடையது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவில் 80 மருத்துவமனைகள், இரண்டு லட்சத்துக்கு மேல் பிரசவங்கள். தாயின் இடுப்புக்குக் கீழே அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பைப் பொருத்தி, வடியும் உதிரத்தைக் கண்ணால் மதிப்பிடாமல் அளந்து பார்ப்பது, கோடு தாண்டினால் எல்லாச் சிகிச்சையையும் ஒரே மூச்சில் தொடங்குவது. இதில் புள்ளியியலாளருக்கு ஒரு கண்ணி இருக்கிறது. விரிப்பு உள்ள மருத்துவமனையில் உதிரப்போக்கு அதிகமாகக் கண்டுபிடிக்கப்படும், இல்லாத இடத்தில் பாதி கண்ணில் படாமலே போகும். செவிலிகள் பதிவேட்டில் எழுதியதை அப்படியே எண்ணினால், புது முறை வந்த இடத்தில் உதிரப்போக்கு கூடிவிட்டது போலத் தோன்றும்! அதனால் ஒப்பீட்டு மருத்துவமனைகளிலும் விரிப்பு போட்டார்கள், ஆனால் கோடு இல்லாமல். இரண்டு பக்கமும் விரிப்பை எடை போட்டுத்தான் முடிவைக் கணக்கிட்டார்கள். கண்டுபிடித்தது 93 சதவீதம், மறுபக்கம் 51 சதவீதம். கடுமையான உதிரப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறந்த அறுவை, அதனால் மரணம் ஆகிய மூன்றும் சேர்ந்து 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாக விழுந்தது. கோடில்லாத விரிப்பு என்ற அந்த ஓர் ஏற்பாடு இல்லாமல் இருந்திருந்தால் இந்த எண்களில் எதையும் நம்பியிருக்க முடியாது.

இதெல்லாம் வெளியே தெரியும் வேலை. தெரியாத வேலைதான் அதிக நேரத்தைத் தின்னும். குழந்தை பிறந்த தேதி, தாய் ஆய்வில் சேர்ந்த தேதிக்கு முன்னால் வந்திருக்கும். எடை 2,500 கிராம் என்று கூட்டம் கூட்டமாகப் பதிவாகியிருக்கும், ஏனென்றால் தராசு முள் அரையிலோ முழுதிலோ நிற்பதாகத்தான் கண்ணுக்குத் தோன்றும். எடை குறைவு என்பதற்கான எல்லை சரியாக அந்த 2,500லேயே இருப்பதால் இந்தக் குவியல் கணக்கையே சாய்த்துவிடும். கணக்கெடுப்புகளில் குழந்தை ஏழாம் நாள் இறந்தது என்று சொல்பவர்கள் அதிகம், ஆறாம் நாளும் எட்டாம் நாளும் அபூர்வம், ‘ஒரு வாரத்தில்’ என்பதே எல்லோர் நினைவிலும் நிற்கிறது. ஒருமுறை மூச்சு விட்டு அடங்கிய குழந்தை ஒரு மருத்துவமனையில் ‘இறந்தே பிறந்தது’ என்றும், பக்கத்து மருத்துவமனையில் ‘பிறந்து இறந்தது’ என்றும் எழுதப்படும். நல்ல புள்ளியியலாளர் ஆண்டுக்கு ஒருமுறையாவது பிரசவ வார்டுக்குப் போய், பதிவேட்டை எழுதும் செவிலியின் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்க வேண்டும் என்று சொல்வேன். ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரே ஆளாக மூன்று பிரசவம் பார்ப்பவரிடம் நாற்பது கட்டம் உள்ள படிவத்தை நீட்டியது யார் தப்பு என்று அப்போதுதான் புரியும்.

பதிவேடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உகாண்டாவின் கம்பாலாவில் நடந்த எச்ஐவிநெட் 012 ஆய்வு சாட்சி. பிரசவ நேரத்தில் தாய்க்கு ஒரு வேளை, பிறந்ததும் குழந்தைக்கு ஒரு வேளை நெவிரப்பின் என்ற எச்ஐவி மருந்தைக் கொடுத்தால் குழந்தைக்குத் தொற்றுவது ஏறக்குறையப் பாதியாகும் என்று 1999இல் காட்டியது. குழந்தைக்கு 14-16 வாரம் ஆனபோது, ஒப்பீட்டுக்கு ஜிடோவுடின் மருந்து கொடுத்த பக்கம் 25.1 சதவீதம், நெவிரப்பின் பக்கம் 13.1 சதவீதம். சில வருடங்களில் அதன் ஆவணங்கள் ஒழுங்காக இல்லை என்ற புகார் கிளம்பி, அரசியலாகி, மருந்தே சந்தேகத்துக்கு உள்ளாயிற்று. அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் தரவை மறுபடி ஆராய்ந்து, குறைகள் இருந்தாலும் முடிவு நம்பத்தக்கதே என்று 2005இல் அறிவித்தது.

ஆய்வுகளுக்கு வெளியே, நாடு முழுக்க எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது இன்னொரு கலை. இறப்புப் பதிவே இல்லாத நாட்டில் என்ன செய்வது? 1980களின் கடைசியில் வெண்டி கிரகாம், வில்லியம் பிராஸ் ஆகியோர் காம்பியாவில் ஒரு வழியைச் சோதித்தார்கள். பெரியவர்களிடம் அவர்களது அக்கா தங்கைகளைப் பற்றிக் கேட்டார்கள்: கல்யாண வயதை எட்டியவர்கள் எத்தனை பேர், இறந்தவர்கள் எத்தனை, அதில் கர்ப்பத்திலோ பிரசவத்திலோ அதற்கடுத்த ஆறு வாரத்திலோ போனவர்கள் எத்தனை. ஒருவருக்குப் பல சகோதரிகள் இருப்பதால் சில ஆயிரம் பேரைக் கேட்டாலே போதும். கிடைக்கும் எண் பத்துப் பன்னிரண்டு வருடம் பழையதைச் சொல்லும் என்பது குறை. உடன்பிறந்தவர்களைப் பற்றிக் கேட்கும் இந்த வழியின் விரிவான வடிவம் 1984இல் தொடங்கிய டிஎச்எஸ் என்ற, அமெரிக்க உதவியோடு பல நாடுகளில் வீடு வீடாக நடக்கும் மக்கள்தொகை-சுகாதாரக் கணக்கெடுப்புகளிலும் இடம்பெற்றது. உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டு மாதிரிக்கு ஆப்பிரிக்காவில் அதுதான் பெரிய தீனி. இருந்தும் நைஜீரியாவுக்கு 2023க்கான மதிப்பீடு லட்சத்துக்கு 993 என்றால், அதன் இருபுற எல்லை ஏறத்தாழ 700இலிருந்து 1,500 வரை விரிகிறது. செய்தித்தாள்கள் நடுவில் உள்ள எண்ணை மட்டும் போடுகின்றன, எல்லைகளைப் போடுவதில்லை. 2025இல் அமெரிக்க உதவி வெட்டப்பட்டபோது டிஎச்எஸ் திட்டம் தடைப்பட்டது. ஒரு மருத்துவமனை மூடினால் உடனே தெரியும். கணக்கெடுப்பு நின்றுபோனதன் விளைவு தெரிய ஐந்தாறு வருடம் ஆகும்.

கடைசியாக, இந்த நாற்காலியில் யார் உட்கார்கிறார்கள் என்ற கேள்வி. மேலே சொன்ன ஆய்வுகளில் பலவற்றில் தாய்மார்கள் ஆப்பிரிக்காவில், கணக்குப் போட்டவர்கள் லண்டனிலோ பர்மிங்காமிலோ ஜெனீவாவிலோ வட கரோலினாவிலோ. திறமை அங்கே மட்டும் இருப்பதால் அப்படி அமைந்ததில்லை, பணம் அங்கிருந்து வருவதால் அமைந்தது. ஜோகன்னஸ்பர்கின் விட்வாட்டர்ஸ்ரான்ட் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு தோபியாஸ் சிர்வாவின் தலைமையில் 2015 வாக்கில் தொடங்கிய சாகாப் என்ற கூட்டமைப்பு, பல ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களைச் சேர்த்து உயிர்ப்புள்ளியியலில் முதுகலை, முனைவர் பட்டங்களுக்கு ஆட்களைத் தயார் செய்கிறது. படித்து வந்த பிறகுதான் பிரச்சினை. வேலை பெரும்பாலும் திட்டத்தோடு கட்டியது, மூன்று வருட நிதி முடிந்தால் பதவியும் முடியும். முதல் ஆய்வில் தரவைத் துடைத்துச் சுத்தம் செய்தவர், இரண்டாவதில் பகுப்பாய்வுத் திட்டம் எழுதி, மூன்றாவதில் கண்காணிப்புக் குழுவில் உட்கார்வது என்று ஒரு தொழில் வளர வேண்டும். நடுவில் ஒரு வருடம் சம்பளம் இல்லை என்றால் அவர் வங்கிக்கோ தொலைபேசி நிறுவனத்துக்கோ போய்விடுவார், அங்கேயும் கணக்குத் தெரிந்தவர்களுக்குத் தேவை இருக்கிறது. நிதி கேட்டு எழுதும் விண்ணப்பத்தில் வண்டிக்கும் டேப்லெட் கணினிக்கும் ஒதுக்குவது போல, உள்ளூர்ப் புள்ளியியலாளரின் சம்பளத்துக்கு ஆய்வு முடிந்த பிறகும் இரண்டு வருடம் ஒதுக்க வேண்டும் என்று சில குழுக்கள் இப்போது கேட்க ஆரம்பித்திருக்கின்றன. கொடுப்பவர்கள் இன்னும் பெரிதாக மசியவில்லை.